தொண்ணூற்றாறு

லிஃப்ட் செத்து மூன்று நாள்.
ஐந்தாவது மாடி.
ஜம்மியாவில் வாங்கிய பை இரண்டு,
ஒன்றில் முழுத் தர்பூசணி.
நான்காவது மாடித் திருப்பத்தில் நின்று
கைப்பைக்குள் சாவி தேடினேன்.
சாவி என் விரலில்தான் மாட்டியிருந்தது.
யாரும் பார்க்கவில்லை.
ஆனாலும் தேடினேன்,
மூச்சு திரும்பி வரும்வரை.

வெளியே நடந்து சோதிக்கலாமென்றால்
சால்மியாவில் இரவு பத்து மணிக்கும் நாற்பத்திரண்டு டிகிரி,
கடற்கரைச் சாலை முழுக்கப் புழுதிக்காற்று.
ஆகவே வரவேற்பறை.
வேண்டியவை:
முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படி,
மூன்று நிமிடம், ஒரு நாடி.
நாடி இருந்தது.

படிக்கு, பக்காலாவில் கேட்டு வாங்கிய
பால் கிரேட்டைக் கவிழ்த்தேன்.
அளந்தால் இருபத்தெட்டு.
பன்னிரண்டு வருடமாக ஏசி குழாய்களை
வரைந்து பிழைக்கிறவள் நான்,
இரண்டு சென்டிமீட்டரை விட்டுவிட மனம் வராது.
அலமாரியின் உடைந்த தட்டை மேலே வைத்தேன்.

அமுதனுக்கு மினா அப்துல்லாவில் நைட் ஷிஃப்ட்.
இருந்தால் சிரித்திருப்பான்.
பிறகு தானும் ஏறியிருப்பான்,
என்னைவிட நன்றாக.
அதனால்தான் இன்று.

போனில் மெட்ரோனோம், நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.
ஏறு ஏறு இறங்கு இறங்கு
ஏறு ஏறு இறங்கு இறங்கு
டைல்ஸில் கிரேட் நறநறக்கிறது.
முதல் நிமிடம் கௌரவமாகப் போனது.
இரண்டாவதில் மெட்ரோனோம் அவசரப்படுவதாகத் தோன்ற
போனை முறைத்தேன்.
தொண்ணூற்றாறுதான்.
ஏறு ஏறு இற
கீழிருந்து டொம்.
துடைப்பக் கட்டை.
டொம். டொம்.
அது நிமிடத்துக்கு அறுபது இருக்கும்.
கால் எதைக் கேட்பது?

மூன்றாவது நிமிடத்தில் கதவு மணி.
நின்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.
திறந்திருக்கு, திறந்திருக்கு என்று கத்தினேன்,
எந்த மொழியில் என்று நினைவில்லை.

நான்காவது மாடி மதாம் நஜ்லா.
இரவு உடையின் மேல் அவசரமாய் இழுத்த ஸ்கார்ஃப்,
கையில் இன்னும் துடைப்பம்.
பார்த்தார்: கிரேட், என் வியர்வை, ஓயாத டிக் டிக்.
"ஏ தா?" என்றார்.
அந்த நேரம் அலாரம் அடித்தது.
சோபாவில் விழுந்தேன்.
பேச முடியாது, ஒரு நிமிடம் எண்ணவேண்டும்.
கழுத்தில் இரு விரலை வைத்துக்கொண்டு
மார்பைத் தொட்டு, கடிகாரத்தைக் காட்டினேன்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் தமிழில், மனதுக்குள்.
அவர் அரபியில், உரக்க.
அவருடைய தலாத்தீன்
என் இருபத்தேழை இடித்துத் தள்ளியது.
நூற்றுப் பதினெட்டு என்றேன்.
போனில் தட்டிக் காட்டினார்: நூற்றிருபத்தொன்று.
விட்டுக்கொடுக்கவே இல்லை.
எதுவானாலும்
நாற்பத்தொரு வயதுக்காரிக்கு
அது சராசரிக்குக் கீழேதான்.
சொல்ல வார்த்தை தெரியாமல்
கையைத் தரைப்பக்கம் தாழ்த்திக் காட்டினேன்.
கன்னத்தில் தட்டினார்.
செருப்பைக் கழற்றினார்.
"யல்லா."

அறுபது வயதிருக்கும் அவருக்கு.
ஒரு நிமிடம் பத்து விநாடி.
பிறகு கிரேட்டின் மேலேயே நின்று
சுவரில் தொங்கும் எங்கள் தமிழ் நாள்காட்டியை
வெகு கவனமாக வாசிக்கத் தொடங்கினார்,
ராகு காலம், எமகண்டம், சூலம் என்று
வரி வரியாக.
அன்றைக்கு என்ன விசேஷமோ என்று
நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.
டிக் டிக்கை யாரும் நிறுத்தவில்லை.

தர்பூசணி அறுத்தேன்.
போகும்போது,
வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.
அல்லது, வியாழக்கிழமை சத்தம் போடாதே என்றார்.

இன்று வியாழன்.
லிஃப்ட் ஓடுகிறது.
ஆனால் படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
பதினெட்டுப் படியில் ஒன்பதாவதோடு நின்றுவிட்டது.
போனில் தொண்ணூற்றாறைத் தயாராக வைத்துக்கொண்டு
கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
திறக்கவில்லை.
அவரும் சாவி தேடி முடிக்கட்டும்.